காஹாங்கில் பிடித்து வைத்த நாள்

ஆடி 20, செவ்வாய்

மதியம் முழுக்க மழை. துணி காயவில்லை. கேஸ் மாற்ற வேண்டும். பாசாரில் கறிவேப்பிலை வாடல்தான்.

கோயில் கம்ப்யூட்டர் காலையிலிருந்து சிக்கி நின்றது. தப்பு என்னுடையதுதான். மண்டபப் பதிவுக்கு நான் எழுதிய புரோகிராமில், பதிவைப் பார்க்கும்போதெல்லாம் டேட்டாபேசுக்கு ஓர் இணைப்பு திறக்கிறேன், பார்த்து முடித்ததும் மூடவில்லை. அன்னதானத்தில் கரண்டி எடுத்தவர்கள் திருப்பி வைக்காத கதை. கடைசியில் வந்தவருக்குக் கரண்டி இல்லை, சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கிறது. சரி செய்தேன். இனி சில இணைப்புகள் எப்போதும் திறந்தே இருக்கும், கேட்பவர் எடுத்து வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். நான் பார்த்துக் கற்கும் வீடியோவில் இதைப் ‘பூல்’ என்கிறார்கள்.

சாயங்காலம் கலா வந்தாள். பத்து பாகாட் ஊரில் தையல் ஃபேக்டரி வேலை. கணவர் தவறிப் பல வருஷம், ஒரே மகள். இப்போது மறுமணம் பேசி முடித்திருக்கிறார்கள். கேட்டதும் மனது நிறைந்தது. ஆவணிக் கடைசி முகூர்த்தம் வேண்டுமாம். வேறு இரண்டு கோயிலில் கேட்டிருக்கிறாள். மறுமணம் என்றதும் பேச்சை மாற்றினார்களாம்.

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். நம் மண்டபம் அன்றைக்கு எடுபட்டிருக்கிறது. காஹாங் கோயில் சமையலும் எடுபட்டிருக்கிறது. ஆனால் இரண்டிலும் ‘உறுதி’ என்று இல்லை, ‘பிடித்து வைத்தது’ என்று மட்டும். பெயர் ராஜேஸ்வரி அக்கா, அவர் மகன் கல்யாணம்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கலா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், புரட்டாசியில் மாப்பிள்ளை சரவாக் வேலைக்குப் போகிறார், திரும்பி வரத் தை ஆகும், அப்போது பார்க்கலாம் என்கிறார் அவர் அண்ணன்.

“அவங்க வீட்டுல ‘பாக்கலாம்’னா வேணாம்னு அர்த்தம்க்கா.”

ஆடி 21, புதன்

வெயில். கேஸ் மாற்றியாயிற்று. தேதியை எழுதிக்கொண்டேன்.

மறந்து போகாமல் இருக்க இதையும் எழுதி வைக்கிறேன்.

மண்டபம் குளுவாங்கில், நம் கோயிலில். சமையல் ஆளும் அண்டாவும் காஹாங் அம்மன் கோயில் மாதர் குழுவிடம். அவர்கள் கணக்கு அவர்கள் கம்ப்யூட்டரில், நம் கணக்கு நம்மிடம். ஒன்றாக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் சம்மதமில்லை. மண்டபம் கிடைத்துச் சமையல் கிடைக்காமல் போனால் கல்யாணம் இல்லை. அதனால் என் புரோகிராம் நடுவில் நின்று இரண்டு தடவை பேசுகிறது.

முதல் தடவை: முடியுமா? முடியும் என்றால் நாளைப் பூட்டி வைத்துக்கொள். வேறு யாருக்கும் கொடுக்காதே.

இரண்டாம் தடவை: இரண்டு பேரும் முடியும் என்றால் குடும்பத்தைக் கேட்டு ‘கமிட்’, நாள் உறுதி. ஒருவர் முடியாது என்றாலும், குடும்பமே வேண்டாம் என்றாலும் ‘ரோல்பேக்’. எல்லாரும் விட்டுவிட வேண்டும், நடக்காத மாதிரி.

ராஜேஸ்வரி அக்கா விஷயத்தில் முதல் தடவை முடிந்திருக்கிறது. இரண்டாம் தடவை வரவேயில்லை. முதலில் மழையில் லைன் போய் அவர் பதில் தொலைந்ததோ என்று பயந்தேன். இல்லை. என் பதிவில் முடிவு என்ற இடம் காலி. அவர் பதிலே சொல்லவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மெசேஜ் பார்த்திருக்கிறார், பதில் இல்லை.

ஆடி 23, வெள்ளி

காஹாங் கோயிலில் கூழ் ஊற்றினோம். கேழ்வரகு கொஞ்சம் கட்டி தட்டியது. யாரும் குறை சொல்லவில்லை.

மாதர் குழுவை நடத்தும் பாக்கியம் அக்காவிடம் கேட்டேன், அந்த நாளை விட முடியுமா என்று. கருவறைப் பக்கம் கை காட்டினார். அம்மன் காலடியில் மஞ்சள் துணி முடிச்சு. நாள் பிடித்தால் குடும்பத்தின் பெயர் சொல்லி வெற்றிலை பாக்கு முடிந்து வைப்பது இங்கே வழக்கம். வைக்கச் சொன்னவர் வாயால் சொன்னால்தான் எடுப்பார்கள்.

“நாங்க சரின்னு சொல்லியாச்சு. இனி மாத்துறது எங்க கையில இல்ல. அவங்க வந்து சொல்லட்டும்லா.”

திட்ட வாய் வரவில்லை. புரோகிராம் எழுதும்போது இவர் பேச்சைக் கேட்டுத்தான் நான் ‘டைம் அவுட்’ வைக்காமல் விட்டேன். இத்தனை நாளில் பதில் வராவிட்டால் தானாக விட்டுவிடு என்று ஒரு வரி. எல்லா வீடியோவிலும் வை வை என்கிறார்கள். அம்மன் முன் வைத்தது தானாக எப்படி உதிரும் என்று எனக்கும் அப்போது தோன்றியது.

ஆடி 24, சனி

கூழ் பிரசாதத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ராஜேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் புதுப் பெயிண்ட் வாசனை. உட்கார வைத்து மழையைப் பற்றிப் பேசினார், மின்விசிறியைப் பற்றிப் பேசினார், தேத்தண்ணி போட எழுந்தார். சோபாவுக்கு அடியில் அழைப்பிதழ் பெட்டி, கயிறு அறுக்காமல். பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு வேணாம்னுட்டா. மோதிரத்தை ஆள் விட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

யாருக்கும் இன்னும் சொல்லவில்லையாம். சொந்த அண்ணனுக்குக்கூட. மகன் வேலைக்குப் போகிறான், வருகிறான், பேசுவதில்லை. காஹாங்கில் அந்த நாள் இருக்கிறவரை ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். விட்டுவிட்டால் ஏன் என்று ஊரே கேட்கும்.

கலாவைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று தேத்தண்ணி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். காயத்தில் கை வைக்க மனம் வரவில்லை. இதை மட்டும் சொன்னேன்:

“ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்கக்கா. வேணும், வேணாம், அவ்ளோதான். காரணம் எழுதப் பதிவுல எடமே வைக்கல.”

டப்பாவைக் கழுவித் திருப்பித் தந்தார். வாசல்வரை வந்து, யார் கேட்கிறார்கள் என்றார். சொன்னேன், பத்து பாகாட் கலா என்று. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆடி 25, ஞாயிறு

தலைவலி. இட்லி மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பம் ஆக்கினேன்.

சிங்கப்பூரிலிருந்து மகள் போன். அங்கே ஒரு கம்பெனியில் இதே கம்ப்யூட்டர் வேலைதான். கதையைச் சொன்னேன், சிரித்தாள்.

“அலமாக், ம்மா. இதுக்குத்தான் டைம் அவுட். சரி, இப்ப கையாலயே அழிச்சிடுங்க.”

என் வீட்டுக்காரரும் பேப்பரை விலக்காமலே அதைத்தான் சொன்னார். யாருக்குத் தெரியப் போகிறது என்று.

அழிக்கலாம். ஒரு வரிதான். கலா காலையில் அழைத்திருந்தாள், மாப்பிள்ளையின் அண்ணன் செவ்வாய்க்குள் பதில் கேட்கிறார். அந்த வரியைத் தட்டியும் விட்டேன், கடைசிப் பொத்தான்தான் பாக்கி. குளுவாங்கில் அழித்தால் குளுவாங்கில் போகும். காஹாங்கில் முடிச்சு அப்படியே இருக்கும். ஒரே நாளுக்கு இரண்டு உண்மை. அதைவிட, மகன் கல்யாணம் நின்றுபோனதை அந்த அம்மா தன் வாயால் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னதாக ஆகும்.

தட்டியதை நீக்கினேன். சாமி படத்துக்கு முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கேட்டது கலாவுக்காகத்தான். நடுவில் எப்படியோ ராஜேஸ்வரி அக்காவுக்காகவும் ஆகிவிட்டது.

ஆடி 26, திங்கள்

ஒன்றுமில்லை. துணி காய்ந்தது.

ஆடி 27, செவ்வாய்

வெண்டைக்காய் நறுக்கும்போது பாக்கியம் அக்கா போன்.

ராஜேஸ்வரி அக்கா வந்திருந்தாராம். மகன்தான் கார் ஓட்டி வந்தானாம், இறங்கவில்லை. நேராக அம்மனிடம் போய், முடிச்சைத் தன் கையால் எடுத்து, வெற்றிலை காய்ந்து சருகாகிவிட்டதே என்றாராம். பிறகு, வேண்டாம், விட்டுவிடுங்கள். அவ்வளவுதான். பாக்கியம் அக்கா ஏன் என்று கேட்கவில்லை. பெரிய விஷயம், அவர் கேட்காமல் இருந்தது.

“அழுதாங்களா?”

“இங்க அழல. கார்ல என்னமோ தெரியாது.”

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ரோல்பேக். மண்டபம் விட்டது. காஹாங் விட்டது. உடனே கலா பெயரில் புதிதாகத் தொடங்கினேன். மண்டபம்: முடியும். காஹாங்: கொஞ்சம் சுற்றியது, பிறகு முடியும். கலாவுக்கு அடித்தேன். ஃபேக்டரி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வெளியே வந்து கேட்டாள், வேணும்க்கா, வேணும்க்கா என்று இரண்டு தடவை. ஒரு தடவை போதும். கமிட்.

டைம் அவுட் வரி எழுதப் போகிறேன். ஆனால் தானாக விடுவதற்கில்லை. நாள் தாண்டினால் எனக்கு மணி அடிக்கும், நான் ஒரு டப்பாவோடு போய்க் கேட்பேன்.

மறுபடி பாக்கியம் அக்கா போன், ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டாராம். கிளம்பும்போது ராஜேஸ்வரி அக்கா படியில் நின்று, கலா கல்யாணத்தன்று பந்தி பரிமாற ஆள் போதுமா என்று கேட்டிருக்கிறார்.

“அந்த நாளுக்கு லீவு எடுத்தாச்சாம். வீட்டுல உக்காந்து சுவத்தையா பாக்கன்னு கேக்குறாங்க.”

பரிமாற: பாக்கியம் அக்கா, நான், ராஜேஸ்வரி அக்கா (சாம்பார்).