டாக்னி போட்ட கோடு

மதகுவீடு
நவம்பர் 3

எஸ்கில்,

நான் போட்ட வழிக்கோட்டை மாற்றியது நீ. அதன் கீழே இருந்தது என் பெயர். ஃப்ரோதே செத்துப்போனான். மூன்று வாரமாகியும் நீ வாய் திறக்கவில்லை. நீ செய்த தவறு இதுதான். நலமா என்று கேட்டுக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

நம் சைக்கிள் சங்கத்தின் அக்டோபர் ஓட்டத்துக்கு இருபத்திரண்டு வருடமாக நான் எப்படி வழி போடுகிறேன் என்று உனக்குத் தெரியும். இந்தச் செப்டம்பரிலும் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு தொண்ணூறு கிலோமீட்டரையும் மிதித்துப் பார்த்த பிறகுதான் தாளில் கையெழுத்துப் போட்டேன். மேட்டுத் தேவாலயத்திலிருந்து சரளைப் பாதை இறங்கிச் சதுப்பைத் தொடும் இடத்தில் என் கோடு இடப்பக்கம் திரும்பும். உயர்ந்த ஆட்டுக்கரையின் மேலேயே பதினோரு கிலோமீட்டர் சுற்றிப் போகும். நீ சங்கத்தின் வழிச் செயலாளர். என் தாளைப் பார்த்து, ஓட்டுபவர்களின் வழிகாட்டும் கருவிகளில் அதை ஏற்றுவது மட்டும்தான் உன் வேலை. நீ அந்தச் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு மாட்டுப்பாதை வழியாக நேராக இழுத்தாய். அடியில் 'வழி: டாக்னி' என்று இருந்ததை மட்டும் தொடாமல் விட்டாய்.

மூன்று நாள் மேற்குக் காற்று அடித்தால் கடல் வெளியிலிருந்து மதகுக் கதவை அழுத்தி மூடிவிடும். உள்ளே வாய்க்கால் தண்ணீர் வெளியேற இடமில்லாமல் மேய்ச்சல் நிலத்தில் ஏறும். ஒரு சொட்டு மழை வேண்டாம். வானம் நீலமாக இருக்கும், மாட்டுப்பாதை முழங்கால் ஆழத்தில் கிடக்கும். பாதை எது, பக்கத்து வாய்க்கால் எது என்று மேலிருந்து தெரியாது. இதை உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ மதகுக்காரரின் மகன்.

மேட்டுத் தேவாலயத்தில் ஓட்டுபவர்களுக்குக் காபி ஊற்றிய பியார்னே வந்து சொன்னான். ஃப்ரோதே ரொட்டியை மென்றுகொண்டே கருவியைப் பார்த்துச் சிரித்தானாம். "அக்காவுக்கும் வயசாயிருச்சுப்பா! இந்த வருஷம் குறுக்கு வழி விட்டுருக்கா பாரு."

பியார்னே, "அங்க தண்ணி கிண்ணி இருக்கப்போவுது, பாத்துப் போ" என்றிருக்கிறான்.

"டாக்னி போட்ட கோடுய்யா. கண்ண மூடிக்கிட்டுப் போலாம்."

ஷூ பெடலில் பூட்டியபடியேதான் அவனை வாய்க்காலிலிருந்து எடுத்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை கடையில் அவன் மனைவி லிஸ்பெத் எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் திரும்பவில்லை. "உன் கோட்ட நம்பித்தான் போனாரு" என்று பணம் வாங்கும் பெண்ணைப் பார்த்தபடி சொன்னாள். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கடை முழுக்கக் கேட்டது.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். வரைபடம் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். நீ லிஸ்பெத்திடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். நேரில்.

டாக்னி

*

ஓடென்ஸ
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு வரியும் சரி. முந்தாநாள் மோர்டன் நாள் விருந்துக்கு வாங்கிய வாத்து இன்னும் அடுப்பில் ஏறவில்லை. பீர்கித்தே தனியாக ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் தூங்கி எத்தனை நாளாகிறது என்று தெரியவில்லை.

ஏன் மாற்றினேன் என்று சொல்கிறேன். அது சமாதானம் ஆகாது என்று தெரியும். போன வருட ஓட்டத்தில் கடைசியாக வந்த ஒன்பது பேர் ஆட்டுக்கரை மேல் இருட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்திக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. சுற்றைக் குறைக்கச் சொல்லிச் சங்கத்தில் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். ஆகஸ்டில் மாட்டுப்பாதையில் நானே ஓட்டிப் பார்த்தேன். மேசை மாதிரி காய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வாத்துகள், நாணல். அப்பா நம்மைக் கூட்டிப்போன பாதையாயிற்றே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. காற்றை நினைக்கவில்லை அக்கா. நாற்பது வருடம் நகரத்துக்குள் இருந்துவிட்டேன். ஓட்டம் நடந்த அன்று காலை வானத்தைப் பார்த்தேன், நீலமாக இருந்தது. நல்ல நாள் என்று நினைத்தேன். மதகுக்காரர் மகன்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். செப்டம்பர் 14 அன்று உனக்கு எழுதினேனே. மாட்டுப்பாதையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தேன். நீ போனை எடுப்பதில்லை என்பதால்தான் கடிதம். பதில் வரவில்லை. அப்பா மதகைத் திறப்பதற்கு முதல் நாள் வீட்டுக்கு வீடு சீட்டு அனுப்புவாரே, மறுப்பு இருப்பவன் மட்டும் பதில் அனுப்பினால் போதும் என்று. பதில் வராத வீடு சம்மதித்த வீடு. நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். உன் பெயரை விட்டுவைத்ததும் அதனால்தான். நீ சரி சொன்ன வழி என்று நினைத்தேன்.

லிஸ்பெத்திடம் போகிறேன். கொஞ்சம் தைரியம் வரட்டும். இடுப்புக்கு மருந்து தேய்க்கிறாயா?

உன் தம்பி
எஸ்கில்

*

மதகுவீடு
நவம்பர் 19

எஸ்கில்,

அப்படி ஒரு கடிதம் என் கைக்கு வரவில்லை.

அப்பாவின் சீட்டை இதில் இழுக்காதே. அவர் சீட்டு அனுப்பியதோடு நிற்கவில்லை. பதில் வராத வீட்டு வாசலுக்குச் சைக்கிளில் போய், "என்னய்யா, உயிரோட இருக்கியா?" என்று கத்திவிட்டுத்தான் மதகில் கை வைப்பார். உனக்கு அப்போது ஆறு வயது. சீட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தைரியம் வரட்டும் என்கிறாய். லிஸ்பெத்துக்குத் தைரியம் வரும்வரை சாவுச் செய்தி காத்திருந்ததா?

டாக்னி

*

மதகுவீடு
டிசம்பர் 2

தம்பி எஸ்கிலுக்கு,

போன கடிதத்தில் நான் பொய் எழுதினேன்.

உன் கடிதம் வந்தது. செப்டம்பர் 16 அன்று, பழைய காற்றழுத்தமானிக்குப் பின்னால் செருகி வைத்தேன். பிரிக்கவில்லை. ஆகஸ்ட் மாத விருந்தில் கேக் மேசையைச் சுற்றி இருபது பேர் இருக்க, நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "அக்காவோட சுத்து, கிழவிங்க சர்ச்சுக்குப் போற வழி." எல்லாரும் சிரித்தார்கள். ஃப்ரோதே மட்டும், "கிழவிங்கதான்டா ஒழுங்கா வீடு போய்ச் சேருறாங்க" என்றான். நீ மன்னிப்புக் கேட்கும்வரை உன் எழுத்தை வீட்டில் பிரிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான்.

அதற்குப் பிறகு தினமும் காற்றழுத்தமானியைப் பார்த்தேன். முள்ளைத் தட்டிவிட்டு அந்த உறையையும் பார்ப்பேன். அக்டோபர் எட்டாம் தேதி மேற்குக் காற்று எழுந்தது. ஒன்பது, ஓட்டத்துக்கு முதல் நாளான பத்து என்று அடங்கவே இல்லை. நல்லவேளை என் கோடு கரைமேல் போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது உன் உறை என் விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

நேற்றுத்தான் பிரித்தேன். முதல் வரியிலேயே விருந்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். இரண்டாவது வரியில் மாட்டுப்பாதை. உள்ளே உன் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய அட்டை. "ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போட்டுவிடு அக்கா, இடுப்பு வலியோடு உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டாம்."

இதனால் நீ செய்தது குறைந்துவிடவில்லை. கோட்டை மாற்றியது நீதான். பதில் வராத வாசலுக்கு நீ வரவில்லை. நான் செய்ததும் குறையாது. உன்னை மன்னிக்கிறேன் என்றோ என்னை மன்னித்துவிடு என்றோ எழுதப் போவதில்லை. அந்த வார்த்தைகள் லிஸ்பெத்துக்குச் சொந்தம். அவள் கொடுக்காமலே போகலாம்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு நீ இங்கே வர வேண்டும். பீர்கித்தேயைக் கூட்டி வராதே, அவள் உனக்காக அழுவாள். லிஸ்பெத் உட்காரச் சொல்ல மாட்டாள், நின்றபடியே சொல். கோட்டை மாற்றியது நான் என்று சொல். இருட்டு, சங்கம், ஆகஸ்ட் வெயில் எதையும் சொல்லாதே.

நீ வெளியே வந்த பிறகு நான் தனியாக உள்ளே போவேன். அவன் கேட்டான், நான் பிரிக்கவில்லை என்று சொல்வேன். உன்னோடு சேர்ந்து போனால் நாம் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிப்போம். அது கூடாது.

சங்கத்துக்கு நீ எழுது, அடியில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். என் பெயரை எல்லா வழிகளிலிருந்தும் அவர்கள் எடுத்துவிட வேண்டும். ஆட்டுக்கரைச் சுற்று இருக்கட்டும், பெயர் வேண்டாம்.

மாட்டுப்பாதையின் இரண்டு முனையிலும் தார் பூசிய கம்பம் நட வேண்டும். தண்ணீர் எந்த உயரத்தைத் தொட்டால் திரும்பிவிட வேண்டும் என்று வெள்ளைக் கோடு நான் போடுகிறேன். குழி நீ தோண்டு, என்னால் குனிய முடியாது. உறைபனி இறுகுவதற்குள் முடிக்க வேண்டும்.

மேற்குக் காற்று இரண்டாம் நாளைத் தொட்டால் மேட்டுத் தேவாலயத்துக்குப் போன் செய்ய வேண்டியது நான். ஆமாம், போனை எடுக்கவும் பழகுகிறேன். அங்கே வாசலில் எச்சரிக்கைப் பலகையை வைக்க வேண்டியது பியார்னே. ஒப்புக்கொண்டான்.

அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். 'வேண்டாம்' என்று எழுதி, இன்றைய தேதியும் போட்டிருக்கிறேன். ஞாயிறன்று அதைக் கையோடு எடுத்து வர வேண்டியது நீ. தேதி ஏன் இவ்வளவு பிந்தியது என்று லிஸ்பெத்திடம் சொல்ல வேண்டியது நான்.

டாக்னி