மருந்தடிக்காத பாத்தி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். நான் கோல் எடுத்தால் கட் பண்ணுகிறீர்கள். அதனால் இங்கே வேலை செய்துவிட்டு லீவில் நம் ராகலைக்கு வரும் ஜீவராணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சைப்ரஸில் இப்போது இலையுதிர் காலம். நான் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் தோட்டத்தில் கடைசித் தக்காளியைப் பறித்தேன். காய்ந்த செவ்வந்தியைப் பிடுங்கி விதை எடுத்து வைத்தேன். ஒலிவ் பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்துவிட்டேன். கணுக்கால் வீக்கம்தான், வேலை செய்ய முடிகிறது.

அதைவிட நம் சின்னவள் தனுஷிகா வொய்ஸ் மெசேஜில் சொன்னதுதான் வலித்தது. "அம்மா, ஒங்க பாத்தி கரட்ட எல்லாம் அப்பா லொறிக்காரருக்குக் குடுத்துட்டாரு. மருந்தடிக்காததுக்கு வெல கூடவாம். நாங்க பெரிய பாத்தி கரட்டத்தான் திங்கிறோம்."

பெரிய பாத்தி விற்பதற்கு. அதற்கு வாராவாரம் பூச்சிமருந்து அடிப்பது நீங்கள்தான். லயத்து வீட்டு வாசலில் சாணம் மட்டும் போட்டு நான் வளர்த்த சின்னப் பாத்தி, பிள்ளைகள் தின்பதற்கு. நம் லயத்தில் குடிகாரன்கூட இந்த முறையை மாற்றமாட்டான். நீங்கள் மாற்றினீர்கள், அதுவும் குடிக்காமல். இங்கே ஊரான் பிள்ளைக்கு நான் மருந்தில்லாத தக்காளி நறுக்குகிறேன். அங்கே என் பிள்ளைக்கு விஷமா?

இந்தக் கடிதத்தோடு செவ்வந்தி விதை கொஞ்சம் வைத்திருக்கிறேன். தனுஷிகா அதைச் சின்னப் பாத்தி ஓரத்தில் தூவட்டும். பூத்ததும் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பட்டும். அவள் முகம் தெரிய வேண்டும். உங்கள் முகம் வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார். பெரிய பாத்தி கரட்டை வீணாக்காதீர்கள். இனி நீங்களே தின்னுங்கள்.

கமலேஸ்வரி