இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை

மரக்காணம்
19.6.2005

அன்புள்ள பூவிழி அக்காவுக்கு,

சுலோசனா எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்து, பிறகு அடித்துவிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டாலே நீங்கள் எழுந்து போய்விடுவதாக உங்கள் அண்ணி இங்கே வந்தபோது சொன்னார். திருப்பூர் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நிற்க வேண்டுமாமே, கால் வீங்குகிறதா?

இங்கே வெயில் ஆளைக் கொல்கிறது. உப்பு நன்றாக விளைகிறது. உங்கள் வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் கீற்று பறந்துவிட்டது. கட்டித் தரச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்கிறார். அவர் சுறுசுறுப்புதான் ஊருக்கே தெரியுமே. உங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. சுற்றி வளைக்கிறேன்.

எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், விடாம கேளுடி" என்பீர்கள். கடல் உள்ளே வந்த டிசம்பரில், பிள்ளையைக் காணாமல் தவித்த ஒருத்தியோடு குப்பத்து மணலில் நாலு நாள் முட்டி போட்டீர்கள். ஐந்தாம் நாள் பிள்ளையின் உடல்தான் கிடைத்தது. அப்போதும், அடக்கம் செய்ய உடம்பையாவது கொடுத்தாரே என்றுதான் சொன்னீர்கள். எனக்கு அன்று உங்கள்மேல் கோபம்கூட வந்தது.

உங்கள் வீட்டுக்காரர் மணிவண்ணன் மாமாவுக்கு உப்புத் தண்ணீர் அரித்த கால்புண் புரையோடி, காய்ச்சல் ஏறி, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சபையில் மூன்று நாள் சங்கிலி ஜெபம் வைத்தோம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் முட்டி போட வேண்டும், நடுவில் அறுந்துவிடக் கூடாது. முடித்தவர் சபை நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் நேரம் இரண்டிலிருந்து மூன்று. முதல் இரண்டு நாள் உப்பளத்து மோட்டார் கொட்டகையில் ஒழுங்காக ஜெபித்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. முட்டி போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மேஸ்திரி குழந்தைசாமி வாசலில் வந்து நின்றார். வானம் கறுத்திருந்தது. "மழை வந்தா உப்பு அம்பாரம் மொத்தமும் கரைஞ்சிடும், லாரி நிக்குது, பத்து நிமிஷம் வந்துட்டுப் போம்மா" என்றார். கூடை சுமந்தபடியே ஜெபிக்கலாம் என்று போனேன்.

ஜெபிக்கவில்லை அக்கா. என்னோடு கூடை சுமக்கும் திரௌபதி, மேஸ்திரியைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினாள். நான் தலையில் உப்புக்கூடையோடு நின்று சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். லாரி கிளம்பியபோது மணி மூன்றரை. மழையும் வரவில்லை.

சாயந்தரம் சபைக்குப் போனேன். என் கட்டம் மட்டும் காலியாக இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று நோட்டில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மாமா போய்விட்ட செய்தி தெரிந்தது. இரண்டு ஐம்பதுக்கு உயிர் பிரிந்தது என்றார்கள்.

அடக்கத்தன்று பாஸ்டர் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டி, மூன்று நாளில் ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை என்றார். உங்களுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "இத்தினி பேரு விடாம கூப்ட்டும் காது கேக்காதவரை நான் எதுக்குக் கூப்பிடணும்" என்று கேட்டீர்கள். பைபிளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தீர்கள். ஊரையே வாயால் வெட்டுகிறவள் நான், அன்றைக்கு அந்தப் பைபிளை முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர், "கர்த்தர் உன் ஒரு மணி நேரத்தை நம்பிக்கிட்டு இல்ல சுலோசனா, அவங்க ரணத்தைப் போய்க் கிளறாத" என்றார். அப்படியென்றால் சங்கிலி எதற்காகப் பிடித்தோம் என்று கேட்டேன். நோட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. பத்து வெள்ளிக்கிழமையாக இரண்டு மணிக்குக் கொட்டகையில் முட்டி போடுகிறேன். மேஸ்திரி கத்தினாலும் எழுந்திருப்பதில்லை. மாமாவைத் திருப்பிக் கேட்க முடியாது. உங்களைத்தான் திருப்பிக் கேட்கிறேன். நீங்கள் மறுபடியும் வாய் திறந்து கர்த்தரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கிறேன். பாதியில் திரௌபதியின் நடை ஞாபகம் வந்துவிடுகிறது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அக்கா, அவர் காது கேட்காதவர் இல்லை. அந்த ஒரு மணி நேரம் கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான். உங்கள் கோபம் போக வேண்டிய வீடு இதுதான். என் முகத்தில் விழிக்க வேண்டாம், இந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள், எனக்குச் சாபம் விடுங்கள். அந்தச் சாபத்தை அவர் பேரைச் சொல்லி விடுங்கள். உங்கள் பைபிளில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல், பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் கால் வீக்கம் வடியட்டும். தனியாக இருக்கிற நேரத்தில் கர்த்தர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் வேண்டாம் என்றாலும்.

இப்படிக்கு,
சுலோசனா

இந்தக் கையெழுத்தையாவது நம்புங்கள்.