ஒன்றரை மணி நேரத்தில் சிங்கப்பூர்

பெரியம்மா,

இன்று காலை அம்மா தலைவலி என்று கோடாலித் தைலத்தைத் திறந்தாள். வீடு முழுக்க உங்கள் மகன் வாசனை. உங்கள் காரியத்துக்கு வந்தபோது சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார் அண்ணன். தலைவலியைக் கொடுத்த கையாலேயே தைலமும் கொடுக்கத் தனித் திறமை வேண்டும்.

போன வருஷம் தன் விமான டிக்கெட்டை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாரே. சிங்கப்பூரில் ஏழு மணிக்குக் கிளம்பி, திருச்சியில் எட்டரைக்கு இறங்கும் என்று போட்டிருந்தது. "ஒன்றரை மணி நேரம்தான்டா, தஞ்சாவூர் போற நேரம்" என்று எடமலைப்பட்டி புதூர் தெரு முழுக்கச் சொல்லி வந்தீர்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பறப்பது நாலு மணி நேரம் என்று நான் விளக்கினேன். உங்கள் சுவர்க்கடிகாரத்தைத் திருப்பி வைத்து சீரியலைத் தவறவிட வைத்தவன் பேச்சு எடுபடுமா? அண்ணனுக்கே போன் போட்டு, இவன் கிண்டல் பண்றான், நீயே சொல்லு என்றீர்கள்.

ஸ்பீக்கரில் அண்ணன் சிரித்தார். "ஒன்றரை மணி நேரம்தாம்மா. கூப்பிடு தூரம்."

அதில் பொய்யே இல்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிட்டார். அதற்கு மேல் அந்தத் தூரம் எதற்கும் உதவவில்லை. அந்த டிக்கெட்டையும், ஆபீஸில் வேலை என்று கேன்சல் செய்தார். நீங்களோ மொட்டை மாடிக்கு மேல் விமானம் தாழ்வாகப் போகும்போதெல்லாம் கூடுதலாக ஒரு ஆழாக்கு அரிசி களைந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்ததும், மகனை வரச் சொல்லுங்க என்று டாக்டர் சொன்னார். அப்பா போன் செய்தார். டிக்கெட் பாக்கறேன் சித்தப்பா என்றார் அண்ணன். பார்த்தார். மியூசியத்தில் பார்ப்பதுபோல, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிளம்பியிருப்பான்ல? ஒன்றரை மணி நேரம் ஆயிருக்குமேடா" என்று என்னிடம் கேட்டீர்கள். அப்போது நீங்கள் படுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் போய்விட்டீர்கள்.

காவிரிக்கரையில், அம்மா மண்டபப் படித்துறையில் உங்கள் காரியம் முடிந்ததும், ஏன்ப்பா முன்னாடியே வரல என்று ஒரு மாமா கேட்டார். ஈர வேட்டியோடு அண்ணன் ஒரு பிரசங்கமே செய்தார். சீட்டே கிடைக்காதாம். ஏர்போர்ட்டுக்குப் போகவே பாதி நாளாம். "பறக்கவே நாலு மணி நேரம் மாமா, என்ன பக்கமா?"

உங்கள் மூச்சு நின்றதும் சிங்கப்பூர் எவ்வளவு தள்ளிப் போய்விட்டது, பார்த்தீர்களா?

"தஞ்சாவூர் போற நேரம்தானே அண்ணே?" என்றேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அண்ணன் காவிரியைப் பார்த்தார். விமானத்தில் வந்த மனுஷனிடம் 'வி' மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அடுத்த மாதம் நான் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகிறேன். எவ்வளவு தூரம்டா என்று அம்மா தினமும் கேட்கிறாள். பக்கம்தான்னு சொல்லித் தொலையேன்டா என்கிறார் அப்பா.

"தூரம்தாம்மா. வரமுடியலைன்னா வரலைன்னு சொல்லிடுவேன். நீ வாசலைப் பாத்துட்டு உக்காராத."

அவள் கோபித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். பொய் சொல்லிச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியாதா, பெரியம்மா? ஊரையே ஏமாற்றிய வாய்தான். இந்த ஒரு பொய்க்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது.