தூர தேசத்தார் ஜாபிதா

பெனேடோ, பிரேசில்
3 மே 1948

அன்புள்ள ரூத்துக்கு,

நான் சுகம். நீயும் ஞானப்பூவும் சுகமென்று நம்புகிறேன்.

கம்பெனிக்காகப் பஞ்சின் தரம் பார்த்தபடி கடற்கரையோடு தெற்கே போகிறேன். ரெசிஃபேயிலிருந்து லாரியில் பன்னிரண்டு நாள். சால்வடோரில் கப்பல் ஏறினால் ஊர். ஆனால் மழை. பாதை செங்குழம்பு. டிரைவர் செவெரினோ சக்கரத்துக்கடியில் தென்னை மட்டை போடுகிறான். சக்கரம் மட்டையை விழுங்குகிறது. இங்கே ஒரு பெரிய ஆறு. வெள்ளம் வடிந்தால்தான் லாரியைப் படகில் ஏற்றுவார்கள்.

ஆகஸ்ட் என்றேன். கிறிஸ்துமஸ் என்று வைத்துக்கொள்.

உன்
அமிர்தராஜ்

---

எம்.ரெட்டியபட்டி
8 ஜூன் 1948

அன்புள்ள அத்தானுக்கு,

மழைக்கு ஒரு பக்கம், பெற்ற மகளுக்கு ஒரு வரி. நன்றாக இருக்கிறது.

இங்கே இரண்டு ஐப்பசி பொய்த்துவிட்டது. பள்ளிக்கூடக் கிணற்றில் வீட்டுக்கு இரண்டு குடம்தான். வரிசையில் வெள்ளைத்தாய் கேட்டாள்: "ஒம் புருசன் மழைக்குள்ள மாட்டிக்கிட்டாகளாம்ல? அதுல ஒரு கொடத்த மடிச்சு அனுப்பச் சொல்லுத்தா." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஞாயிறுதோறும் ஜெபத்தில் உபதேசியார் வேதமுத்து தூர தேசத்தார் ஜாபிதாவை வாசிக்கிறார். கொழும்பில் இருப்பவர்கள், ரங்கூனில் இருப்பவர்கள், கடைசியில் நீங்கள். அந்தப் பேருக்கு மட்டும் ஞானப்பூ தலையைத் தூக்குகிறாள். மூன்று வயதில் அவளுக்கு அப்பா என்றால் அந்தச் சத்தம்தான்.

கிறிஸ்துமஸ் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வருவீர்களா, மாட்டீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள்
ரூத்

---

அரகாஜு
11 ஜூலை 1948

ரூத்துக்கு,

ஆற்றைக் கடந்துவிட்டோம். அடுத்த பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கரும்புக் காட்டுக்குள் லாரி மூன்று நாள் நின்றது. சட்டை காய்வதில்லை. செருப்பில் பூஞ்சை.

கோபப்படுகிறாய். மழையை நானா பெய்விக்கிறேன்? கிறிஸ்துமஸ் நிச்சயமில்லை.

அமிர்தராஜ்

---

எம்.ரெட்டியபட்டி
14 ஆகஸ்ட் 1948

அத்தானுக்கு,

நான் வாத்தியார் வேலை பார்க்கிறவள் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது.

இரண்டு உறைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மே மாதத்து உறையில் மசேயோ என்ற ஊரின் தபால் முத்திரை. ஜூலை உறையிலும் மசேயோ. மிஷன் துரைசாணி விட்டுப்போன பெரிய அட்லஸைத் திறந்தேன். பெனேடோ மசேயோவுக்குத் தெற்கே. அரகாஜு ஆற்றைத் தாண்டி இன்னும் தெற்கே. ஆற்றைக் கடந்த மனிதர், கடிதம் போடமட்டும் வடக்கே திரும்பிப் போவாரா?

யார் வீட்டில் இருக்கிறீர்கள்?

ரூத்

---

மசேயோ
16 செப்டம்பர் 1948

ரூத்,

உண்மை. ஏப்ரல் முதல் இங்கேதான். பெனேடோவை நான் பார்த்ததில்லை. அரகாஜுவையும். செவெரினோ போய் வந்து சொன்னதைக் கேட்டு எழுதினேன்.

வேறு பெண் இல்லை. நீ நம்பமாட்டாய்.

பாதை திறந்த அன்று லாரியில் ஏறக் கால் வைத்தேன். வைத்த காலை எடுத்துவிட்டேன். நம் ஊரின் அந்தப் புழுதி, அந்தக் குடம், அந்த வரிசை. என்னால் ஆகாது. கம்பெனியை விட்டுவிட்டேன். துறைமுகக் கிடங்கில் வேலை.

நீ குழந்தையோடு வருவதானால் எழுது. வரமாட்டாய் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ஜெபத்தில் மட்டும் என் பேரை வாசிக்கட்டும். அது எனக்கு வேண்டும்.

அமிர்தராஜ்

---

எம்.ரெட்டியபட்டி
20 அக்டோபர் 1948

அமிர்தராஜ் அவர்களுக்கு,

வரமாட்டேன். உங்கள் மழையில் நனைய எனக்கு ஆசையில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் உபதேசியாரிடம் போய் உங்கள் பேரை அடிக்கச் சொன்னேன். அந்த ஜாபிதாவில் பேரை இரண்டு காரணத்துக்குத்தான் அடிப்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வந்துட்டாகளா தாயி? இல்ல..."

"வரல. சாகவும் இல்ல. அங்கனயே குடியிருக்காக. தூர தேசம்னு வாசிக்கிறது திரும்பி வாறவுகளுக்குத்தானய்யா. அவுகளுக்கு அதுதான் ஊரு."

அடித்தார்.

கொழும்பு, ரங்கூன், அதோடு ஆமென். நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஞானப்பூ மட்டும் தலையைத் தூக்கியபடி நின்றாள். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சற்றுப் பொறுத்து அவளாகவே உட்கார்ந்தாள்.

ரூத்