பெயர்கள் ஓடி முடியும் வரை

லாஸ் ஏஞ்சல்ஸ்,
ஞாயிறு

அன்புள்ள எலோயிஸுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். ஸ்டுடியோ வாசலில் காவல் காப்பது உட்கார்ந்தே செய்கிற வேலைதான், கவலைப்படாதே.

நள்ளிரவு டிவி நிகழ்ச்சிக்காரன் நம் ரஸ்ஸல் பின்னணியில் செல்லோ வாசித்த படத்தைக் கிண்டல் செய்தான் என்று அழுது எழுதியிருந்தாய். அவன் சொன்னது சரிதான். படம் படுமோசம். மகனுக்காகக்கூட நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னணி இசையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை பார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கடைசிக் காட்சியில் செல்லோவின் நாதம் தனியாக எழுகிறது. நம் பையனின் கைதான் அது.

நேற்று தியேட்டரில் ஒரு வேடிக்கை. கூட்டம் போன பிறகும், திரையில் பெயர்கள் ஓட, நான் உட்கார்ந்திருந்தேன். கூட்டுகிறவர் வந்து, "படம் முடிஞ்சிருச்சு பெரியவரே. என்ன, உங்க பேரு வருமா?" என்று சிரித்தார்.

"என் பேரு வராது. என் மகன் பேரு வரும்."

"அடேங்கப்பா! அடுத்து எந்தப் படத்துக்கு வாசிக்கிறாரு?"

"இதுதான் கடைசி. போன குளிர்காலத்துல செத்துட்டான்."

அவர் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரஸ்ஸலின் பெயர் மேலேறி மறையும் வரை இருவரும் திரையையே பார்த்திருந்தோம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. தியேட்டரில் குளிர் அதிகம், அலமாரியில் இருக்கும் என் கம்பளிச் சட்டை வேண்டும். அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. வியாழனோடு அதைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். சட்டையைத் தபாலில் போடாதே, எலோயிஸ். நீயே கொண்டு வா.

உன்,
வெண்டெல்