“நல்லா பாக்குறாங்க” என்று சொன்ன அம்மாவுக்கு

என் அம்மாவுக்கு,

வேலை முடிந்து கொட்டகலை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றும் மழை. நர்ஸ் வேலையில் கால் வலி பழகிவிடும் என்றார்கள், இன்னும் பழகவில்லை.

நோயாளிகளிடமும் வீட்டாரிடமும் குறைநிறை கேட்டு வார்டைத் திருத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டேன். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரைக்கு முன்னால் நிற்பதுபோல் எல்லோருக்கும் ஒரே பதில்: “நல்லா பாக்குறீங்க மிஸி.” பார்க்க வந்த பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். குறையே இல்லை என்று வார்டுக்குப் பொறுப்பான பெரிய மிஸிக்குச் சந்தோஷம். எனக்கு எரிச்சல்.

நம் ஆட்களை எனக்குத் தெரியாதா? கண்மூடுவதற்கு முன் கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்? “நல்லா பாக்குறாங்க பாப்பா, நீ வேலைக்குப் போ.”

போன வாரம் அலுத்துப்போய்க் கேள்வியை மாற்றினேன். மாரியாயி அக்காவுக்குக் காலில் கட்டு மாற்றிக்கொண்டே, “ஒங்கள விடுங்கக்கா, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு என்ன கஷ்டம்?” என்றேன்.

“அவங்க தண்ணியே குடிக்கிறதில்ல மிஸி. குடிச்சா பெட்பேன் கேக்கணுமே. நீங்க ஓடித் திரியிறத பாத்துட்டு, கூப்பிட மனசு வரலங்கிறாங்க.”

தன் கஷ்டத்துக்கு வாய் திறக்காதவர்கள் அடுத்தவர் கஷ்டத்தைக் கொட்டுகிறார்கள், அம்மா. அதற்குப் பிறகு எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறேன்.

இப்போது யாரும் கூப்பிடுவதற்கு முன்பே, திரையை இழுத்துவிட்டு, பெட்பேனோடு ஒவ்வொரு கட்டிலுக்கும் போகிறோம். கூட வேலை செய்கிறவள் முணுமுணுக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது. பெரிய மிஸி மட்டும், “சரி, செஞ்சு பாருங்க” என்றார்.

இன்று அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மா என் கண் முன்னால் ஒரு கோப்பைத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

உங்கள் கட்டிலருகிலும் தண்ணீர் மூடியபடியே இருக்குமே. உதடு காய்ந்திருக்கும், தாகமில்லை என்பீர்கள். அதுவும் இதுக்குத்தானாம்மா?

நாளைக்கும் போவேன், இதே அலுப்போடுதான். ஆனால் குறையாத தண்ணீரைப் பார்த்தால், “நல்லா பாக்குறீங்க” என்று யார் சொன்னாலும் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகமாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
செல்வி